தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மரம்

பியோர்ண்டால், ஒஸ்லோ
02.10.2023

அன்புள்ள புஷ்பராணி அக்காவுக்கு,

நானும் மகள் ராகவியும் நல்ல சுகம். உங்கள் தோள்மூட்டு நோ எப்படி? அத்தானின் இருமல் குறைந்ததா? அங்கே வடக்கில் குளிர் தொடங்கியிருக்கும். தொழிற்சாலைக்கு மீன் வெட்டப் போகும்போது உள்ளே இன்னொரு சுவெற்றர் போடுங்கோ.

அக்கா, கோப்பன்ஹேகன் கண்காட்சி முடிந்துவிட்டது. கொண்டுபோன பன்னிரண்டு படத்தில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை! கிழமையில் மூன்று நாள் எனக்கு டயலிசிஸ், ஆகவே ஓவியக் கலரி நடத்துகிற நோராதான் போனாள். திரும்பி வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் மெசினோடு கதிரையில் கிடக்க, டெனிஷ் பேப்பரை விரித்து வாசித்தாள். வடக்கின் வெளிச்சத்தை வடக்கில் பிறந்தவர்களே இப்படிப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். தாதிமார் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஐந்து வருடத்துக்கு முன் இதே கதிரையில் முதல் நாள் இருந்தபோது நான் அழுதது ஞாபகமா? நாலு மணித்தியாலம் ஒரு கையை அசைக்க ஏலாது, என்னதான் செய்கிறது என்று கேட்டேன். நீங்கள் கடிதம் எழுதத் தொடங்கினீர்கள். இன்றைக்கு மலை இப்படி, கடல் இப்படி என்று. அதை வாசித்து வாசித்துத்தானே மற்றக் கையால் படம் கீறத் தொடங்கினேன்.

இப்போது நோரா இன்னும் கேட்கிறாள். சித்திரையில் ஒஸ்லோவிலும் ஆவணியில் லண்டனிலும் வைக்கப்போகிறாளாம். எழுதுங்கோ அக்கா. போட்டோ மட்டும் வேண்டாம். பார்த்தால் அதைப் பார்த்தே கீறிவிடுவேன், படம் செத்துப்போகும். கணினியிலும் நான் அந்த ஊரைத் தேடுவதில்லை.

பேப்பர்க்காரர் ஒருவர், ஒருநாளும் போகாத ஊரை எப்படிக் கீறுகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டார். "கண்ணை மூடினால் தெரியுது" என்று சொல்லிவிட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கோ. பதில் சுணங்கினால் கோபிப்பேன்.

உங்கள் தங்கச்சி
சிவகாமி

*

பாட்ஸ்பியோர்ட்
24.10.2023

அன்புத் தங்கச்சி சிவகாமிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோசம். தோள் நோ அப்படியேதான் இருக்கிறது, மீனும் குறையவில்லை நோவும் குறையவில்லை. அத்தான் இருமுகிறார். உன் பிறசர் எப்படி? உப்பைக் குறை, ராகவி சமைப்பதைச் சாப்பிடு.

உன்னுடைய பேப்பர் கதை நீ எழுத முன்பே இங்கே வந்துவிட்டது. வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் லித்துவேனியாப் பெண் ஒருத்தி கைத்தொலைபேசியில் காட்டினாள். "இது உன்ரை தங்கச்சியோ? உனக்கும் கீறத் தெரியுமோ?" என்றாள். கண்ணை மூடினால் தெரிகிறதாம். நல்ல கதை. எனக்குக் கண்ணைத் திறந்தாலும் மீன்தான் தெரிகிறது.

கீறத் தெரியுமா என்றால் நான் என்ன சொல்ல? பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்தது யார் என்று உனக்குத் தெரியும். நீ பூசணிக்காய் கீறினால், "என்ன பிள்ளை, பானையோ?" என்றுதானே ரீச்சர் கேட்பா. சும்மா பகிடிக்குச் சொன்னேன், மனதில் வைக்காதே.

நீ கேட்டபடி எழுதுகிறேன். இன்று காலை ஒன்பது மணிக்குக் கடல் அரிசி கழுவின தண்ணீரின் நிறம். பனி மலையின் உச்சியில் மட்டும், கீழே கல் முழுக்கக் கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் புல் செத்த இடம் ஒரு பழுப்புக் கோடாகக் கிடக்கிறது, வலப்பக்கம் சரிந்து தண்ணீருக்குள் போகிறது. சிவப்புப் படகு ஒன்று வந்தது. தண்ணீரில் விழுந்த சிவப்பு படகைவிட நீளம். இது காணுமா உனக்கு?

ராகவியைக் கேட்டதாகச் சொல்லு.

அக்கா
புஷ்பராணி

*

பியோர்ண்டால்
14.11.2023

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறீர்களா? எனக்குப் போன கிழமை கொஞ்சம் தலைச்சுற்று, இப்போது பரவாயில்லை. அத்தானுக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுங்கோ.

அரிசி கழுவின தண்ணி! ஐயோ அக்கா, எங்கேயிருந்து உங்களுக்கு இப்படி வருகிறது? ராகவி கடிதத்தை இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். நான்கு நாளில் கீறி முடித்தேன். படத்துக்கு முன்னால் நின்ற நோரா கண்ணைத் துடைத்தாள். சுவீடனில் ஒரு அருங்காட்சியகத்துக்காரர் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டே அதை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக் தமிழ் ஆட்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

ஒரு உதவி. என் படம் எல்லாம் கிடையாகவே கிடக்கிறது என்று நோரா சொல்கிறாள். கடல் கிடை, மலை கிடை, பனி கிடை. நடுவில் வைக்க நிமிர்ந்து நிற்கிற ஒன்று வேண்டுமாம். உங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் உயரமாக ஏதாவது நிற்கிறதா? பார்த்து எழுதுங்கோ. லண்டனுக்கு அதுதான் முதல் படம்.

அன்புடன்
சிவகாமி

*

பாட்ஸ்பியோர்ட்
26.11.2023

சிவகாமி,

இதை நான் அனுப்பப் போவதில்லை. சுகம் விசாரிக்கவும் மனமில்லை.

வெயில் போய்விட்டது, இனித் தை மாதம்தான் வரும். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உன் கதைதான். உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். வேலைக்கு வந்து இரண்டு கிழமை ஆகாத பெடிச்சிகூட, "நீங்கள் அந்த ஓவியரின்ரை அக்காவோ?" என்று கேட்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிகிறது. கடவுளே, என் கூடப்பிறந்தவள், வருத்தக்காரி. அப்படியிருந்தும் எரிகிறது.

அந்தப் பழுப்புக் கோட்டைக் கண்டது யார்? படகின் சிவப்பை அளந்தது யார்? விடியக் குளிருக்குள் நின்று பார்த்தது நான். நீ கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து கிடந்தாய். பேப்பர்க்காரன் கேட்டபோது, அக்கா எழுதித் தருகிறவ என்று ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதை எனக்கு எழுத உனக்குத் தெரிந்தது, அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொழிற்சாலைக்குப் பின்னால் என்ன நிற்கிறதாம். மீன்தலை போடுகிற பெட்டி நிற்கிறது. அதற்கு அங்கால் கல்லும் பனியும்தான். இந்தப் பக்கத்தில் இடுப்புக்கு மேல் ஒன்றும் வளராது, காற்று விடாது. வடக்கில் ஒரு நாள் இருந்தவனுக்கும் அது தெரியும். உனக்குத் தெரியாது.

நாளைக்கு உனக்கு ஒரு மரம் எழுதப்போகிறேன். கீறு. ஒஸ்லோவில் நடுச் சுவரில் மாட்டு. வடக்கிலிருந்து ஒருத்தன் வந்து பார்த்து, இந்த மனுசிக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒரு அறுப்பும் தெரியாது என்று சிரிக்கட்டும்.

*

பாட்ஸ்பியோர்ட்
27.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். தலைச்சுற்றை டொக்டரிடம் சொல்லு, மறைக்காதே.

நீ கேட்டது இருக்கிறது. தொழிற்சாலையின் பின் கதவைத் திறந்தால் நேரே ஒரு மரம். பியோர்க் என்பார்கள், வெள்ளைத் தோல் மரம். என்னைவிட மூன்று மடங்கு உயரம். தோல் ஒரு பக்கம் உரிந்து உள்ளே செம்மண் நிறம் தெரியும். காற்று எப்போதும் கடலிலிருந்து அடிப்பதால் கிளை எல்லாம் மலைப்பக்கம், கடல்பக்கம் ஒரு கிளையும் இல்லை. இப்போது வெயில் இல்லாத காலம், மத்தியானம் ஒரு மணித்தியாலம் எல்லாம் நீலம். அந்த நீலத்துக்குள் மரம் மட்டும் மெல்லிய ரோசாவாக நிற்கிறது. தனியே நிற்கிறது, அக்கம்பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை.

வடிவாய்க் கீறு. கவனமாக இரு.

அக்கா

*

பியோர்ண்டால்
16.01.2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் பொங்கல் வாழ்த்துக்கள்.

சுணங்கிவிட்டேன், மன்னியுங்கோ. மார்கழியில் காய்ச்சல் வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரி. உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று ராகவியை மறித்தது நான்தான். பாவம், அவளை ஏசாதேயுங்கோ. நேற்றுச் சின்னப் பானையில் பொங்கினோம்.

அக்கா, அந்த மரத்தைக் கீறிவிட்டேன். என்னைவிடப் பெரிய கன்வஸ். ஏணியில் ஏற ஏலாது, ராகவி கன்வஸைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். நோரா பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். லண்டன்காரர் அதைத்தான் விளம்பரத்தில் போடப்போகிறார்கள். போன கிழமை வானொலியில் பேட்டி எடுத்தார்கள். அந்த மரம் உண்மையாகவே நிற்கிறது, என் அக்கா தேத்தண்ணி குடிக்க வெளியே வரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறவ என்று சொன்னேன்.

காய்ச்சலில் கிடந்தபோது நான் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு காற்றுக்குள்ளும் அது நிற்கிறதே, நான் ஏன் விழவேண்டும் என்று. விசர்க் கதை என்று சிரிக்காதேயுங்கோ. டொக்டரிடம் கதைத்துவிட்டேன். ஆனி மாதம் வடக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு டயலிசிஸ் இடம் எடுத்துத் தருவார்களாம். நான் வருகிறேன் அக்கா! அந்த மரத்தை ஒருக்கால் கையால் தொடவேண்டும்.

உங்கள்
சிவகாமி

*

பாட்ஸ்பியோர்ட்
05.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய், எனக்கு ஒரு சொல் இல்லை. ராகவிக்கு நான் பிறகு கொடுக்கிறேன்.

போன கிழமை இங்கே பெரிய புயல். ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தது. அந்த மரம் விழுந்துவிட்டது. வேரோடு போய்விட்டது. இனி வந்து பார்க்க ஒன்றும் இல்லை. உன் உடம்புக்கு இந்தப் பயணம் ஒத்துக்கொள்ளாது, வரவேண்டாம்.

கோடையில் நான் அங்கே வரப் பார்க்கிறேன்.

அக்கா

*

பியோர்ண்டால்
14.02.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை டயலிசிஸ் கதிரையில் வைத்துத்தான் பிரித்தேன். வாய்விட்டு அழுதுவிட்டேன். தாதி ஓடிவந்து யார் இறந்தது என்று கேட்டாள். மரம் என்று சொன்னால் அவளுக்கு விளங்குமா? நீங்கள் சுகம்தானே? புயலில் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

நோராவிடம் சொன்னேன். அவளும் கவலைப்பட்டாள். அதில் ஒரு துண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம் என்கிறாள். ஒரு சின்னக் கிளை காணும் அக்கா. தோல் உரிந்த பக்கம் என்றால் நல்லது.

ராகவி உங்கள் ஊர் நகரசபைக்கு எழுதப்போகிறாள். அதே இடத்தில் புதிதாக ஒரு மரம் நடச் சொல்லி. யாரிடமாவது பழைய போட்டோ இருந்தால் தரட்டும் என்றும் கேட்கப்போகிறாள். இனிமேல் நான் அதன் போட்டோவைப் பார்த்தால் குற்றமில்லைத்தானே.

பார்சல் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிவகாமி

*

பாட்ஸ்பியோர்ட்
27.02.2024

சிவகாமிக்கு,

ராகவியை எழுதவேண்டாம் என்று உடனே சொல்லு. மற்றதைப் பிறகு வாசி.

உன் கடிதம் வந்த அன்று பெற்றோல் செட்டுக்குப் போனேன். விறகு மூட்டை ஒன்று வாங்கினேன். இந்த ஊருக்கு விறகும் தெற்கிலிருந்துதான் வருகிறது. மூட்டையைக் குசினியில் கொட்டி, தோல் உரிந்த பியோர்க் கட்டை ஒன்று தேடி எடுத்தேன். அத்தான், "என்னப்பா, விறகிலை என்ன தெரிவு?" என்று கேட்டார். துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்துத் தபால் கொடுக்கிற கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே என்ன என்று எழுதச் சொன்னாள் அந்தப் பிள்ளை. பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். எழுத ஏலவில்லை. திரும்பி வந்து கட்டையை அடுப்பில் போட்டேன்.

மரம் விழவில்லை. அப்படி ஒரு மரமே இல்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் மீன்தலைப் பெட்டி மட்டும்தான் நிற்கிறது. நீ வெட்கப்படவேண்டும் என்று எழுதினேன். வடக்காட்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்று எழுதினேன். நீ வரப்போகிறாய் என்றவுடன் பயந்து புயலில் விழுத்தினேன். என் பொறாமைதான் காரணம், வேறு எதன் மேலும் பழி போடமாட்டேன்.

நீ காய்ச்சலில் அந்த மரத்தை நினைத்துக் கிடந்தது தெரிந்திருந்தால் என்று சொல்ல நினைத்தேன். அதுவும் பொய்யாகப் போகும். தெரிந்த பிறகும் ஐந்து கிழமை உண்மையைச் சொல்லாமல் இருந்தவள் நான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. கண்ணை மூடினால் தெரிகிறது என்றாயே, அந்த நேரம் உனக்கு என்னை ஞாபகம் வரவே இல்லையா? நீ படம் கீறினதில் எனக்கு எரிச்சல் இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் எனக்குக் கண் தெரியாமல் போனது.

மருந்தைத் தவறவிடாதே.

புஷ்பராணி

*

பியோர்ண்டால்
08.04.2024

உங்கள் கடிதம் வந்து ஐந்து கிழமை. சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பார்த்தேன், வரவில்லை.

முதல் கிழமை உங்களை மனதுக்குள் ஏசினேன். இரண்டாம் கிழமை வாய்விட்டு ஏசினேன், ராகவி கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சரி, என்னை ஆட்கள் பார்த்துச் சிரிக்கட்டும், அது எனக்குத் தாங்கும். மரம் விழுந்தது என்று சொல்லி என்னை அழவிட்டீர்களே, அதுதான் ஆறவில்லை. இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கேட்டதுக்குப் பதில் சொல்கிறேன். ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு பேப்பர் என்னைப் பற்றி எழுதுகிறது, அந்த ஒரு நாள் நான் தனிய நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிழைதான். அடுத்த நாளே தெரிந்தது. அதனால் நோராவோடு கதைத்து ஒரு வேலை தொடங்கினேன். உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அது ஒரு புத்தகம். இடப்பக்கம் உங்கள் கடிதம், வலப்பக்கம் என் படம். ராகவி ஐந்து வருடக் கடிதத்தையும் நோர்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஆக்கினாள், உங்கள் கையெழுத்தையும் அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறோம். வானொலியிலும் உங்களைப் பற்றிச் சொன்னது அதற்காகத்தான். அட்டையில் முதல் பெயர் புஷ்பராணி சிறீஸ்கந்தராசா, இரண்டாவதுதான் நான். உங்கள் கடிதம் இங்கே வந்த அன்றே அச்சடித்த பெட்டிகளும் நோராவின் கலரிக்கு வந்து இறங்கின.

முப்பத்தோராம் பக்கத்தில் அந்த மரம் இருக்கிறது. உங்கள் சொல்லில், உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயரின் கீழே. நான் கீறினது மட்டும்தான், அங்கே மரம் நிற்கிறது என்று சொன்னது நீங்கள். சிரிக்க வருகிறவர்கள் இனி யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கோ.

நோராவிடம் உண்மையைச் சொன்னேன். படத்துக்கு மரம் தேவையில்லை என்று அவள் தோளைக் குலுக்கிவிட்டாள். அவளுக்கு அது காணும், எனக்குக் காணாது. ஒஸ்லோக் கண்காட்சியின் திறப்பு விழா இருபதாம் திகதி. அந்தப் பக்கத்தின் மேல் தாள் ஒட்டுவதா, புத்தகத்தையே ஒளித்து வைப்பதா? உங்கள் பெயர், நீங்களே சொல்லுங்கோ.

சிவகாமி

*

பாட்ஸ்பியோர்ட்
13.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாளைக்கு வருடப்பிறப்பு. நீயும் ராகவியும் நல்லாக இருக்கவேண்டும்.

தாள் ஒட்டவேண்டாம். ஒளிக்கவும் வேண்டாம். பத்தொன்பதாம் திகதி இரண்டு விமானம் மாறி நான் அங்கே வருகிறேன். மீன் நிறைய வருகிற நேரம், மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் லீவு தந்தார். நோராவிடம் எனக்கு ஒரு மைக் கேட்டு வை. அங்கே மரம் ஒன்றும் இல்லை, பொறாமையில் நான் எழுதினேன், என் தங்கச்சி என்னை நம்பிக் கீறினாள் என்று நோர்வேஜிய மொழியில் சொல்லப்போகிறேன். மூன்று வசனம்தான், பாடமாக்கிவிட்டேன். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். நீ எழும்பி நிற்கவேண்டாம், கதிரையில் இரு.

அத்தான் நேற்றுக் கலரியின் அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தை நான் முதல் தரமாகப் பார்த்தேன். இன்றைக்குத் தேத்தண்ணி நேரம் தொழிற்சாலையின் பின் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். முப்பத்தாறு வருடமாக அங்கே ஒன்றும் நின்றதில்லை, எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை. இன்றைக்குத்தான் அந்த இடத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அப்படிக் கீறி வைத்திருக்கிறாய்.

எரியுதடி. இன்னும் எரியுது. வந்து நேரே சொல்கிறேன்.

அக்கா
புஷ்பராணி